போறது ஊர் பார்க்கவா, குடியிருக்கவா?

போன மாதம் ஒரு தம்பதி என் கிளினிக்குக்கு வந்திருந்தார்கள். அவருக்கு வயது 67. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை, கூடவே பி.பி.

"டாக்டர், பையன் அமெரிக்கன் சிட்டிசன் ஆயிட்டான். எங்களுக்கும் கிரீன் கார்டு வந்துடுச்சு. இனிமே அங்கேதான். ஆறு மாசத்துக்குச் சூரணம் கட்டிக் குடுங்க" என்றார்.

"சூரணம் இருக்கட்டும். இன்ஷூரன்ஸ் என்ன எடுத்திருக்கீங்க?"

"முன்னே ரெண்டு தடவை போனப்ப எடுத்த அதே டிராவல் இன்ஷூரன்ஸ்தான். பிரீமியம் கம்மி. சர்க்கரை இருக்குன்னு எழுதினா வம்புன்னு எழுதலை!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

'சித்த வைத்தியருக்கு இன்ஷூரன்ஸில் என்ன வேலை?' என்று நினைக்காதீர்கள். நாள்பட்ட நோயை வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறவர்களை அன்றாடம் பார்க்கிறவன் நான்.

டிராவல் இன்ஷூரன்ஸ் என்பது முதலுதவிப் பெட்டி மாதிரி. போன இடத்தில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தால், திடீர்க் காய்ச்சலில் படுத்தால் கை கொடுக்கும். பேரனைப் பார்க்க நாலு மாதம் போகிறவர்களுக்கு அது அவசியம். ஆனால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாதாமாதம் ஆகிற டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மாத்திரைச் செலவு பொதுவாக அதில் வராது. நாள்பட்ட நோய்க்குத் தொடர் வைத்தியம்தான் வேண்டும். அதற்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ்தான் சரி.

'65 வயசு தாண்டியாச்சே, அரசாங்கத்தின் மெடிகேர் இருக்கே' என்பார்கள் சிலர். அங்கே வேலை பார்க்காத பெற்றோர், கிரீன் கார்டோடு தொடர்ந்து 5 வருஷம் வசித்த பிறகுதான் பணம் கட்டி அதில் சேர முடியும். அதுவரை என்ன செய்வது? சந்தையில் தனிநபர் ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. பழைய நோயைக் காரணம் காட்டி அதை மறுக்கக் கூடாது, கூடுதல் பிரீமியமும் கேட்கக் கூடாது என்பது 2014 முதல் அங்கே சட்டம். குடியேறிய 60 நாளுக்குள் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் அடுத்த சேர்க்கைக் காலம்வரை காத்திருக்க நேரும். பிரீமியம் அதிகம்தான். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தால் வருகிற பில்லை நினைத்துப் பாருங்கள்!

இன்னும் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன்.

எந்த பாலிசியானாலும் நோயை மறைக்காதீர்கள். வைத்தியரிடம் மறைத்தால் உடம்பு கெடும். இன்ஷூரன்ஸில் மறைத்தால் க்ளெய்ம் கெடும்.

இங்குள்ள மெடிக்ளெய்ம் பெரும்பாலும் இந்தியாவுக்குள் செய்துகொள்ளும் சிகிச்சைக்குத்தான். அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள். திரும்பி வந்து புதிதாக எடுத்தால், பழைய நோய்களுக்கு 3 வருஷம்வரை காத்திருக்க நேரலாம்.

மூன்றாவது, என் சூரணத்தை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அங்கே போய் மயங்கி விழுந்தால் நான் ஓடிவர முடியாது!

அன்று ராத்திரியே மகனுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டதாக அந்தப் பெரியவர் மறுநாள் சொன்னார். "அவனுக்கும் இந்த வித்தியாசம் தெரியலை டாக்டர்" என்றார்.

உங்கள் வீட்டிலும் யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்களா? ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்து வைப்பதற்கு முன்னால், பாலிசியை எடுத்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.