வரையரமகளிரும் புது இனங்களும்

மிகுபுனைவு, அதாவது மாயமும் மனிதரல்லாத உயிர்களும் இயல்பாக உலவும் கற்பனை உலகைக் களமாகக் கொண்ட புனைகதை, தமிழில் எழுதப்படும்போது அதற்கெனப் புது இனம் ஒன்றைப் படைப்பதா, மரபில் உள்ளதை எடுத்தாள்வதா என்னும் கேள்விக்கு, திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கத்திலிருந்தே ஒரு விடை கிடைக்கிறது. செங்கத்துக் குறுநில மன்னன் நன்னனைப் பாடும் சங்கப் பாட்டான மலைபடுகடாம், பரிசில் தேடி அவனிடம் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும்போது, பாம்பு, வழுக்குப் பாறை ஆகியவற்றோடு வரையரமகளிரையும், அதாவது மலையில் வாழும் அணங்குப் பெண்களையும், சேர்த்தே எச்சரிக்கிறது. அவர்களது இருப்பிடத்தைக் கண்டாலே உடல் நடுங்கும் என்பதற்கு மேல் அவர்களுடைய மொழி, உறவுமுறை, உணவு பற்றி ஒன்றும் கூறாமல் விட்டுவிடுகிறது. அந்த இடைவெளியே எழுத்தாளருக்கு உரிய நிலம். அவ்வாறு நிரப்புவதை மணிமேகலைக் காப்பியம் முன்பே செய்து காட்டியுள்ளது: கப்பல் உடைந்து கரையேறும் சாதுவன் சந்திக்கும் நாகர், ஆடையின்றி வாழ்ந்து மனிதரைத் தின்பவர்களாயினும், தமக்கென மொழியும் தலைவனும் உடையவர்கள், அம்மொழியை அறிந்திருந்ததால்தான் அவன் உயிர் பிழைத்து அத்தலைவனோடு அறம் பற்றி வாதிடுகிறான். ஆங்கில மிகுபுனைவு எழுத்தாளர் டோல்கீனும் (ஹாபிட் இனத்தை அவரே படைத்தார் என்பது உண்மைதான்) எல்ஃபுகளையும் குள்ளர்களையும் வட ஐரோப்பியத் தொன்மங்களிலிருந்தே பெற்று, அவர்களுக்கு மொழியும் வரலாறும் அளித்தார். அவருடைய எல்ஃபுகளுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டி உலவவிடுவது படைப்பும் ஆகாது, மரபும் ஆகாது. புது இனம் படைக்க விரும்புவோர் தாராளமாகப் படைக்கலாம்; அதற்கு முன் மலைபடுகடாத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.