வாப்பாவின் ஹஜ்ஜும் கடன்தான்



"சேர், வாப்பா ஹஜ் செய்யாம மௌத்தாகிட்டார். காசு குடுத்து ஆள் அனுப்பலாமா?" அடிக்கடி கேட்கிறார்கள். அனுப்பலாம். ஆனால் வசதியிருந்தும் செய்யாமல் மௌத்தானவரின் ஹஜ், நமது ஷாபிஈ மத்ஹபில் கடன். சொத்தைப் பங்கு வைக்க முன்னரே அதன் செலவை ஒதுக்க வேண்டும். தாயின் நேர்ச்சை ஹஜ்ஜைப் பற்றிக் கேட்ட ஜுஹைனா கோத்திரப் பெண்ணிடம் நபியவர்கள் அதைக் கடனுக்கு ஒப்பிட்டே சொன்னார்கள், புஹாரியில் இருக்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? காணி, கடை, வளவு எல்லாம் பிரித்து உறுதியும் எழுதிய பிறகுதான் வாப்பாவின் ஹஜ் ஞாபகம் வருகிறது. அப்போது எல்லோரும் உம்மாவின் நகையைப் பார்க்கிறோம். உம்மா ஏன் கொடுக்க வேண்டும்?

இன்னொன்று: அனுப்பும் ஆள் தனக்குரிய ஹஜ்ஜை முடித்தவரா என்று விசாரியுங்கள். ஷுப்ருமாவுக்காகத் தல்பியா சொன்னவரிடம் நபியவர்கள் கேட்டதும் அதைத்தான். மலிவாக ஆள் கிடைத்தால் இதை யாரும் கேட்பதில்லை.