சர்வகலாசாலைப் பிரவேசமும் தகுதிப் புரட்டும்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் கடைசி வகுப்பில் வாசிக்கும் பிள்ளைகளுக்கு வருஷந்தோறும் நவம்பர் மாதம் பிறந்ததிலிருந்து மார்ச்சு முடிகிற வரையில் சரியான தூக்கம் கிடையாது. "ஹார்வர்டில் எனக்கு இடம் கிடைக்குமா? யேலில் கிடைக்குமா? ஸ்டான்போர்டில் கிடைக்குமா? நூற்றுக்கு எவ்வளவு நம்பலாம்?" என்று கணக்குப் பார்த்துப் பார்த்து ஏங்குவதே அவர்களுக்கு வேலையாய்ப் போய்விடுகின்றது. மனுவை அனுப்பிவிட்டு, முகந்தெரியாத சிலர் மூடிய அறைக்குள் உட்கார்ந்து சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிடக்கின்றார்கள். கிடைத்தால் தான் அறிவாளி, கிடைக்காவிட்டால் தான் உதவாக்கரை என்று 17 வயதுப் பிள்ளை தன்னைத்தானே எடைபோட்டுக்கொள்ளுகின்றது. அந்நாட்டில் குடியேறியுள்ள தமிழ் மக்களின் பிள்ளைகளும் இந்த வரிசையில் நிற்கின்றபடியாலும், "தகுதி" என்கின்ற பேச்சு நம் வாசகர்களுக்குப் பழக்கமான பேச்சானபடியாலும் இதைப்பற்றிச் சில வார்த்தைகள் எழுதுகின்றோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2024ஆம் வருஷம் ஹார்வர்டு காலேஜில் சேருவதற்கு மனுப்போட்டவர்கள் 54,008 பேர். இடம் கொடுக்கப்பட்டவர்கள் 1,937 பேர். நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. அப்படியானால் மீதியுள்ள 52,071 பேரும் மூடர்களா என்று கேட்கின்றோம். எந்த யோக்கியனாவது அப்படிச் சொல்ல முடியுமா? இடம் 2,000 இருக்க, மனு 54,000 வந்தால், எவ்வளவு கெட்டிக்காரர்கள் வந்தபோதிலும் 52,000 பேர் வெளியில் நிற்கத்தானே வேண்டும்? இது இடத்தின் குறைவே ஒழிய அறிவின் குறைவு ஆகாது.

நிற்க, அந்த நாலு பேராவது எல்லோரும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டு உள்ளே போனவர்களா என்றால் அதுவுமில்லை. ஹார்வர்டின்மீது 2014இல் தொடுக்கப்பட்ட வழக்கிலே அக்காலேஜின் உள்கணக்குகள் வெளிவந்தன. 2014 முதல் 2019 வரையில் பட்டம் பெறவேண்டிய ஆறு வகுப்புகளுக்கு ஆள் எடுத்ததில், தாயோ தகப்பனோ அங்கே படித்திருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 33 பேருக்கு இடம் கிடைத்திருக்கின்றது. மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான் கிடைத்திருக்கின்றது. இடம் பெற்ற வெள்ளைக்காரப் பிள்ளைகளில் நூற்றுக்கு 43 பேர், பந்தய விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்கள், பழைய மாணாக்கரின் பிள்ளைகள், அங்கு வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், நன்கொடை முதலிய காரணங்களால் டீனுடைய தனிப் பட்டியலில் ஏறியவர்கள் ஆகிய இந்த நாலு வகையில் சேர்ந்தவர்கள்.

ராஜ் செட்டி முதலிய மூன்று பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள் 2023இல் இம்மாதிரிப் பெரிய காலேஜுகள் 12ஐ எடுத்துக்கொண்டு கணக்கிட்டார்கள். பரீட்சையில் ஒரே மார்க்கு வாங்கிய பிள்ளைகளுக்குள், நூற்றுக்கு ஒருவராயுள்ள பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை அக்காலேஜுகளில் சேருவது, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை சேருவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அதிகமாயிருக்கின்றது என்று கண்டார்கள். ஒரே மார்க்கு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மார்க்கு ஒன்றாயிருக்கும்போது பணத்தால் இரட்டிப்பாவது எப்படித் தகுதியாகும்?

அப்படியானால் "குணம்", "தலைமைத் தன்மை", "ஆளின் பண்பு" என்று பரீட்சைக்குப் புறம்பான அளவுகோல்கள் எப்படி வந்தன என்று பார்க்க வேண்டாமா? ஆதியில் ஹார்வர்டு பெரும்பாலும் பரீட்சையை வைத்தே ஆள் எடுத்தது. குடியேறி வந்த ஏழை யூதர்களின் பிள்ளைகள் கண்விழித்துப் படித்துப் பரீட்சையில் தேறி உள்ளே வந்துவிட்டார்கள். 1922இல் அவர்கள் நூற்றுக்கு 20க்கு மேலாகிவிட்டார்கள். உடனே தலைவராயிருந்த லாரன்ஸ் லோவெல் என்பவருக்குப் பொறுக்கவில்லை. யூதர்களுக்கு ஒரு வரம்பு கட்டவேண்டும் என்று புறப்பட்டார். வெளிப்படையாய்ச் சொன்னவுடன் கூச்சல் கிளம்பிற்று. ஆகவே 1926இல் வேறு வழி செய்தார்கள். பரீட்சை மாத்திரம் போதாது, குணமும் பார்ப்போம், போட்டோவும் அனுப்பு என்றார்கள். 1925இல் புதிதாய்ச் சேர்ந்தவர்களில் கால்பங்குக்கு மேலிருந்த யூதர்கள் சில வருஷங்களுக்குள் நூற்றுக்கு 15 வாக்கில் இறங்கிவிட்டார்கள். பழைய மாணாக்கரின் பிள்ளைகளுக்குச் சலுகை என்பதும் இக்காலத்தையொட்டியே அந்நாட்டுப் பெரிய காலேஜுகளில் வேரூன்றிற்று. எனவே யூதப்பிள்ளை பரீட்சையில் ஜெயித்த பிறகுதான் பரீட்சை மட்டம் என்று கண்டுபிடிக்கப்பட்டது! கீழே கிடந்தவன் ஏணியில் ஏறினவுடன் ஏணியை மாற்றுகிற வித்தைக்குத்தான் "தகுதி" என்று பேர்.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். 2023ஆம் வருஷம் ஜூன் 29ஆம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டானது, காலேஜில் ஆள் எடுக்கும்போது நிறத்தையும் ஜாதியையும் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தலைமுறை தலைமுறையாக அடிமையாய் வைக்கப்பட்டிருந்த கறுப்பு மக்களின் பிள்ளைக்குக் காட்டிய கொஞ்சம் சலுகை சட்டவிரோதமாகிவிட்டது. ஆனால் தகப்பன் படித்தான் என்பதற்காகப் பிள்ளைக்குக் காட்டும் சலுகையை அத்தீர்ப்பு தொடவில்லை. பிறப்பைப் பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே பிறப்பால் வரும் பாத்தியதையை விட்டுவைப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? ஆம்ஹெர்ஸ்டு காலேஜ் 2021இல் தானாகவே அச்சலுகையை ஒழித்தது. கலிபோர்னியா மாகாணம் 2024இல் தனியார் காலேஜுகளிலும் அது கூடாதென்று சட்டம் செய்தது. மனம் இருந்தால் ஒழிக்கலாம் என்பதற்கு இவையே போதும்.

சாமி என்று ஒன்று மறைவில் இருந்தால் புரோகிதன் என்று ஒருவன் வாசலில் இருக்கத்தானே செய்வான்? இங்கும் தரகர்கள் ஏராளம். வியாசத்தைத் திருத்திக்கொடுக்க ஒரு கட்டணம், எந்த விளையாட்டில் சேர்ந்தால் இடம் கிடைக்கும் என்று சொல்ல ஒரு கட்டணம் என்று பெற்றோரிடம் கறந்துகொண்டிருக்கின்றார்கள். 2019இல் வில்லியம் சிங்கர் என்கின்ற தரகரின் பித்தலாட்டம் சர்க்காரால் பிடிக்கப்பட்டது. பணக்காரர்களிடம் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, பரீட்சை விடைகளை ஆள் வைத்துத் திருத்தினதும், பந்தயமே ஆடாத பிள்ளைகளைப் பந்தய வீரர்கள் என்று காட்டி உள்ளே நுழைத்ததும் வெளியாயிற்று. அவருக்கு 2023இல் மூன்றரை வருஷச் சிறைத்தண்டனை கிடைத்தது. தகுதியின் கோவிலுக்குப் பக்கவாசல் வைத்து டிக்கட் விற்றவர் அவர் ஒருவர்தான் என்று யாராவது நம்பினால் நாம் அவர்களுக்காக அனுதாபப்படுகின்றோம்.

இனி, பிள்ளைகள் என்ன செய்வது? ஜோசியம் பார்ப்பதை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். காலேஜ் சொல்லும் நூற்றுக்கு நாலு என்பது எல்லோருடைய சராசரியேயன்றி, சலுகை ஒன்றுமில்லாத பிள்ளையின் கணக்கு அல்ல. அவனுடைய பங்கு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். "20 இடத்துக்கு மனுப்போட்டால் ஒன்றாவது கிடைக்காமலா போகும்?" என்பதும் முழு உண்மையல்ல. ஒவ்வொரு இடத்திலும் நூற்றுக்கு ஐந்து என்று வைத்து, தாயக்கட்டை உருட்டுவதுபோல் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் முடிவு விழுமானால், ஒன்றாவது கிடைப்பதற்கு நூற்றுக்கு 64 என்று கணக்கு வரும். ஆனால் 20 இடத்துக்கும் போவது அதே மார்க்கு, அதே உபாத்தியாயர் கடிதம், அதே குடும்பம். ஓரிடத்தில் குறையாய்ப் பட்டது மற்ற இடங்களிலும் குறையாய்ப்படக் கூடுமாதலால் அந்த 64ஐ நம்பக்கூடாது. ஆகவே ஆசைக்குச் சில இடம் போடட்டும். ஆனால் நிச்சயமாய்க் கிடைக்கக்கூடியதும், சம்பளம் கட்டித் தாங்கக்கூடியதும், போய்ச்சேர வெட்கப்படாததுமான இரண்டு மூன்று இடங்களை முதலில் தேடிக்கொள்ளட்டும்.

பெரிய காலேஜில் லாபமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. முன்சொன்ன ஆராய்ச்சியிலேயே, அங்கே படித்தவர்கள் பெரும் பணக்காரர் வரிசைக்கு ஏறுவது ஒன்றரை மடங்காகின்றது என்று கண்டிருக்கின்றது. ஆனால் நல்ல மாகாணச் சர்வகலாசாலையில் படித்தவனைவிடச் சராசரி வருமானம் அவ்வளவாக உயரவில்லை என்றும் அதிலேயே கண்டிருக்கின்றது. ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்னும் இருவர் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், ஒத்த திறமையுள்ளவர்கள் எங்கே படித்தாலும் பெரும்பாலும் ஒத்தே சம்பாதித்தார்கள் என்றும், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய காலேஜால் தெளிவான லாபம் என்றும் முடிவு கண்டார்கள். அப்படியிருக்க, யாருக்கு லாபம் அதிகமோ அவனுக்கு வாசல் குறுகலாகவும், யாருக்கு அவசியமில்லையோ அவனுக்கு வாசல் அகலமாகவும் இருப்பதுதான் அக்கிரமம்.

யூதப்பிள்ளைகளுக்கு ஹார்வர்டின் வாசல் குறுக்கப்பட்ட அந்தக் காலத்தில் நியூயார்க்கு நகரத்துச் சிட்டி காலேஜில் ஏழைகளுக்குச் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்தார்கள். ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த ஜோனஸ் சால்க் 1934இல் அங்கே பட்டம் பெற்றார். இளம்பிள்ளை வாதத்திற்கு அவர் கண்ட தடுப்பூசி 1955இல் உலகத்திற்குக் கிடைத்தது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தை, இதைக் கண்டவர் எந்தக் காலேஜ் என்று கேட்டதா? அதே காலேஜில் படித்த ஜூலியஸ் ஆக்சல்ராடு 1970இலும், கென்னத் ஆரோ 1972இலும் நோபல் பரிசு பெற்றார்கள். வாசலைக் குறுக்கலாம், மூளையைக் குறுக்க முடியுமா?

ஆதலால் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். மார்ச்சு மாதத்தில் "இடமில்லை" என்று கடிதம் வந்தால் அது உங்கள் பிள்ளையின் அறிவுக்கு வந்த தீர்ப்பு அல்ல. அந்த வாசலை யார் யாருக்காகக் கட்டினார்கள் என்பதற்கு வந்த சாட்சியம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையை நிந்திக்கிற பெற்றோர், காவற்காரன் பேச்சைக் கேட்டுச் சொந்தப் பிள்ளையை அடித்தவர்கள் ஆவார்கள். பிள்ளைகளும், "எனக்குத் தகுதி இருக்கிறதா?" என்று அழுவதை நிறுத்திவிட்டு, "இந்த அளவுகோலை யார் செய்தது, எதற்காகச் செய்தது?" என்று கேட்கத் தொடங்கட்டும். எந்தக் காலேஜில் போய்ப் படித்தாலும் முதலில் படிக்கவேண்டிய பாடம் அதுவேயாகும்.