ஏலம் மாறியது, எமது தராசு மாறியதா?

லுணுகலையில் கடை வைத்திருக்கும் எம்மில் பலருக்குக் கொழுந்துதான் முதலாளி. தோட்டத்தில் சம்பளம் போட்டால் கல்லா நிறையும்; கொழுந்து குறைந்தால் கடன் கொப்பி தடிக்கும். எனவே தேயிலையில் வரும் தொழில்நுட்ப மாற்றம் கம்பனிக்காரரின் விடயம் என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது.

1883 இல் ஆரம்பித்த கொழும்புத் தேயிலை ஏலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சுத்தியல் தட்டியே நடந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, அது இணையவழிக்கு மாறியது. அந்த மாற்றம் இல்லாவிட்டால் தூள் களஞ்சியத்திலேயே தேங்கியிருக்கும்.

கென்யாவைப் பாருங்கள். 1930களில் அஸ்ஸாமில் உருவான சீ.ரீ.சீ. இயந்திரத்தை அந்நாடு பிடித்துக்கொண்டது. கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இம்முறையில் சாயம் விரைவாக இறங்கும். தேநீர்ப் பைக்கு அது பொருத்தம். இன்று கறுப்புத் தேயிலை ஏற்றுமதியில் கென்யா எம்மை முந்திவிட்டது.

அதற்காக நாமும் அதையே செய்ய வேண்டும் என்பதல்ல என் கருத்து. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் வரண்ட காற்று தரும் வாசனையை எந்த இயந்திரமும் தராது. கைவசமுள்ள தரத்தைக் காக்கவே தொழில்நுட்பம் வேண்டும்.

எமது கையிலுள்ள மிளகுக்கும் இதே கணக்குத்தான். உலக ஏற்றுமதியில் வியட்நாம் முதலிடம். காரத்தில் இலங்கை மிளகுக்குத் தனிப் பெயர். ஆனால் நாம் இன்னும் அள்ளிப் பார்த்தும் கடித்துப் பார்த்தும்தான் காய்ச்சல் மதிக்கிறோம். ஈரம் கூடினால் கொழும்பில் விலை வெட்டு விழுகிறது. அதை விவசாயியின் தலையில் கட்டிவிடுகிறோம்.

முன்பு கொழும்பு விலை எமக்கு மட்டுமே தெரியும். இலாபமும் அதிலேயே இருந்தது. இன்று விவசாயியின் கையடக்கத் தொலைபேசியிலும் அந்த விலை இருக்கிறது. விலையை மறைத்து உழைத்த காலம் முடிந்துவிட்டது. இனி இலாபம் தரத்தில்தான்.

நாலைந்து கடைக்காரர் கூட்டுச் சேர்ந்து ஒரு ஈரப்பதமானியும் ஒரு உலர்த்தியும் வாங்கலாம். நன்கு காய்ந்த சரக்குக்குக் கூடிய விலை என்று கடை வாசலில் எழுதி வைக்கலாம். அளவையில் நேர்மை எமக்குக் கடமை; அதற்கு உதவும் கருவியை வாங்கத் தயங்குவானேன்?