சொந்தத் தொழில் என்னும் சாக்கு

“அரை மணி நேர வேலைக்கு இவ்வளவு கூலியா?”

வீட்டின்மேல் சாய்ந்து நிற்கும் தென்னையை வெட்ட வந்தவரிடமும், மின்கம்பியை உரசும் மாங்கிளையைக் கழிக்க வந்தவரிடமும் நாம் தவறாமல் எழுப்பும் வினா இது. ஐந்து நிமிடம் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு ஐந்நூறு ரூபாய் பெறும் மருத்துவரிடம் இவ்வினாவை எழுப்புகிறோமா? பத்திரம் எழுதுபவரிடம் எழுப்புகிறோமா? அவர்கள் கற்ற கல்விக்கும் பெற்ற தேர்ச்சிக்கும் சேர்த்தே பணம் தருகிறோம் என்று நமக்கு நாமே விளக்கமும் கூறிக்கொள்கிறோம். நாற்பது அடி உயரத்தில் நிற்பவருக்கு மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கூலி அளக்கிறோம்.

குமரி மாவட்டத்து விளைகளையும் வீட்டு முற்றங்களையும் அறிந்தவர்களுக்கு இம்மனிதரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தென்னை, பலா, மா, அயனி, புளி என ஏதேனும் ஒரு மரம் நிற்காத வீடு இங்கே அரிது. மதில் எழுப்ப வசதியில்லாத இடங்களில் கிளுவையும் பூவரசும் உயிர்வேலியாய் நிற்கின்றன. இவற்றைக் கழிக்கவும் வெட்டவும் ஊருக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஒரு வடம், ஒரு வெட்டுக்கத்தி, கடன் வாங்கி வாங்கிய இயந்திர வாள், கயிறு பிடிக்க இரண்டு கையாட்கள். வருகைப் பதிவேடு கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது. இத்தகையவரைக் குறிக்க நாம் ஒரு மதிப்பான சொல்லை வைத்திருக்கிறோம்: ‘சொந்தத் தொழில் செய்பவர்’. இச்சொல்லின் மறைவில் நாம் செய்துவரும் அநீதியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் அந்த ‘அரை மணி நேரத்தை’ப் பார்ப்போம். வீட்டருகே நிற்கும் தென்னையை அடியில் வெட்டிச் சாய்க்க இயலாது. சாய்த்தால் ஓடும் சுவரும் போய்விடும். ஆகவே வெட்டப்பட வேண்டிய அதே மரத்தின்மேல் ஏறி, முதலில் ஓலைகளையும் குலைகளையும் கழித்து, பின்னர் மண்டையை வடத்தால் கட்டி அறுத்து இறக்கி, தடியைத் துண்டு துண்டாக மேலிருந்து குறைத்துக்கொண்டே வர வேண்டும். தாம் நிற்கும் மரத்தைத் தாமே அறுத்துக்கொண்டு இறங்கும் வேலை இது. அம்மரமோ பெரும்பாலும் நோயுற்ற மரம். நலமாய்க் காய்க்கும் தென்னையை யார் வெட்டச் சொல்லுவார்? சிவப்புக் கூன்வண்டு உள்ளே குடைந்து கூடாக்கிய மரம் வெளியே வழவழப்பாகவே தெரியும். ஏறுமுன் அவர் மரத்தைச் சுற்றி வருவதையும், கத்தியின் பின்புறத்தால் தட்டி ஓசை கேட்பதையும், அண்ணாந்து நெடுநேரம் நிற்பதையும் நாம் ‘வேலை தொடங்காமல் நேரம் போக்குகிறான்’ என்று எண்ணுகிறோம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர் மாலையில் வீடு திரும்புவாரா என்பது தீர்மானமாகிறது.

மாமரமானால் முசிறு எறும்பு; எந்தக் கவட்டையில் குளவிக் கூடு இருக்குமோ தெரியாது. முருங்கையோ காலை வைத்ததும் முறியும். பெருங்கிளையை மேலிருந்து மட்டும் அறுத்தால் பாதியில் பிளந்து, பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு வெட்டுபவர்மேலேயே திரும்பும். ஆகவே முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டு, பிறகே மேல்வெட்டு. நின்ற மரத்தை முழுதாய்ச் சாய்ப்பதற்கும் முறை உண்டு. விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு வாய் திறந்து, எதிர்ப்பக்கத்தில் அதைவிடச் சற்று உயரத்தில் பின்வெட்டு வைத்து, இரண்டுக்கும் நடுவே சிறிது மரத்தை அறுக்காமல் விட வேண்டும். கதவின் கீல்போல் நின்று மரத்தை வழிநடத்துவது அந்தச் சிறு பகுதிதான். அதையும் அறுத்துவிட்டால் மரம் எத்திசையில் விழும் என்று எவராலும் சொல்ல இயலாது. இயந்திர வாளின் நுனி கிளையில் இடித்தால் வாள் முகத்தை நோக்கித் துள்ளும். இவற்றையெல்லாம் எந்தத் தொழிற்பள்ளியும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அப்பனிடமோ மாமனிடமோ கயிறு பிடித்துக் கற்றவை. சில, அருகில் விழுந்தவரைப் பார்த்துக் கற்றவை.

வேலி கழிக்கும் வேலையை யாரும் பொருட்படுத்துவதில்லை. தரையில் நின்று செய்வதுதானே என்பார்கள். முள்ளும், உள்ளே எறியப்பட்ட உடைந்த புட்டிகளும், பாம்பும், இரு வீட்டாரின் எல்லைச் சண்டையும் அந்த வேலிக்குள்தான் இருக்கின்றன. “நம் பக்கம் மட்டும் கழி, அவன் பக்கம் தொடாதே” என்ற கட்டளையுடன் தொடங்கும் வேலை அது.

இனி, கூலி. கேட்ட தொகையில் பாதியிலிருந்து பேரம் தொடங்குகிறது. மூவாயிரம் கேட்டால் ஆயிரத்து ஐந்நூறு. “விறகை எடுத்துக்கொள்” என்பது நாம் வழங்கும் பெருங்கொடை. பலாவும் அயனியும் போன்ற விலைபோகும் மரமானால் தடி நமக்கு. மர வியாபாரியை நாமே அழைத்துக்கொள்கிறோம். முருங்கையும் பூவரசுத் தழையும் மட்டும் கூலியில் சேர்க்கப்படுகின்றன. முற்றத்தைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையையும் அவரே அகற்ற வேண்டும். கிடைத்த தொகையிலிருந்து கையாட்கள் இருவருக்கும் கொடுத்து, பெட்ரோலும் எண்ணெயும் வாங்கி, சங்கிலியைத் தீட்டி, வடம் நைந்துபோனால் புது வடமும் வாங்க வேண்டும். மழை நாளில் ஏற முடியாது. மழை விட்ட மறுநாளும் பாசி வழுக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் இம்மாவட்டத்தில் அவருடைய ஓராண்டில் எத்தனை நாள் உழைக்கும் நாள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டியபின் முழங்கால் ஒத்துழைக்காது. ஓய்வூதியம் என்ற சொல்லுக்கு அவர் வாழ்வில் இடமே இல்லை. அரை மணி நேரக் கூலி என்று நாம் ஏளனம் செய்யும் தொகை இவை அனைத்தையும் தாங்க வேண்டும்.

புயலுக்குப் பிறகு இன்னொரு குற்றச்சாட்டு எழும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வீசியபோது நம் கடற்கரை ஊர்கள் தம் மக்களை இழந்து கதறின. கரையிலும் ரப்பரும் வாழையும் பெருமரங்களும் சாலைகளையும் வீடுகளையும் மூடிக் கிடந்தன. மறு ஆண்டு, 2018 நவம்பர் 16 அன்று, கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்தது. இத்தகைய நாள்களில் மரம் வெட்டுபவரை எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுகிறார்கள். அவர் கூலியைச் சற்று உயர்த்தினால், “துன்ப காலத்தில் கொள்ளையடிக்கிறான்” என்கிறோம். துன்ப காலத்தைச் சாக்கிட்டுப் பணம் பறிப்பவர் எவராயினும் கண்டிக்கத்தக்கவரே. ஆனால் விழுந்து கிடக்கும் மரமே அவர் தொழிலில் மிகக் கொடியது. வளைந்து இறுகி நிற்கும் கிளை, வாள் பட்டதும் வில்லைப்போல் நிமிர்ந்து அடிக்கும். இடர் இரட்டிப்பான நாளில் கூலி மட்டும் பழையபடி இருக்க வேண்டும் என்பது என்ன நீதி?

“நான் சொன்ன தொகைக்கு அவர் ஒப்புக்கொண்டார், நான் கட்டாயப்படுத்தவில்லை” என்று சொல்லுவோர் நம்மில் மிகுதி. இவ்வாதத்திற்கு 1891-இலேயே திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தம் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் மறுமொழி தந்துவிட்டார். இருவரும் மனமொத்துச் செய்யும் உடன்படிக்கையைவிட மேலான இயற்கை நீதி ஒன்று உண்டு; தேவைக்கு அஞ்சியோ, இதைவிடப் பெரிய கேட்டுக்கு அஞ்சியோ குறைந்த கூலிக்கு இணங்குபவர் வன்முறைக்கு ஆளானவரே என்பது அவர் போதனையின் சாரம். அது ஆலைத் தொழிலாளருக்குச் சொன்னது, தனித்தொழில் செய்பவருக்குப் பொருந்தாது என்று வாதிடும் கற்றோரும் உண்டு. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கமாவது இருக்கிறது. நம் வாசலில் நிற்பவருக்கு, நாளை வேறு வேலை கிடைக்குமா என்ற அச்சத்தைத் தவிரத் துணை ஏது?

அவர் விழுந்துவிட்டால்? ‘சொந்தத் தொழில்’ என்னும் சொல் தன் முழுப் பயனையும் தருவது அப்போதுதான். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பனை சீவுவதையும் மரம் வெட்டுவதையும் தன் அட்டவணையில் பெயர் சொல்லியே குறித்திருந்தது. அதை இயற்றியவர்களுக்கு இத்தொழில்களின் இடர் தெரிந்திருக்கிறது. ஆயினும் இழப்பீடு கேட்க முதலாளி என்று ஒருவர் வேண்டும். வீட்டுக்காரரோ முதலாளி அல்லர், வேலையை ஒப்படைத்தவர் மட்டுமே. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இழப்பீடு முதலாளி-பணியாளர் உறவின்மேல்தான் நிற்கிறது. தென்னை ஏறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ விபத்துக் காப்பீடு உண்டு. கட்டணத்தின் பெரும்பகுதியை வாரியமே ஏற்கிறது. வங்கிக் கணக்கு உள்ள எவரும் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தி, விபத்தில் இறந்தால் 2 இலட்சம் ரூபாய் பெறும் நடுவணரசின் காப்பீட்டில் சேரலாம். முதுகெலும்பு முறிந்து பத்தாண்டு படுக்கையில் கிடப்பவரின் வீட்டிற்கு 2 இலட்சம் எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்பீர்கள். கேட்பது சரியே. ஆனால் அந்த 20 ரூபாய்க் காப்பீடாவது அவருக்கு உண்டா என்று நம்மில் எவரேனும் அவர் ஏறுமுன் கேட்டதுண்டா?

சட்டம் நம்மை விட்டுவிடலாம்; மறைநூல் விடுவதில்லை. புது வீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், எழுப்பாததால் எவரேனும் விழுந்தால் அவ்வீட்டின்மேல் இரத்தப்பழி வரும் என்கிறது இணைச்சட்டம் (22:8). விழுந்தவர் விருந்தினரா, கூலியாளா, சொந்தத் தொழில் செய்பவரா என்று அந்த வசனம் விசாரிக்கவில்லை. வீடு யாருடையது என்று மட்டுமே பார்க்கிறது.

முன்பணம் வாங்கிக்கொண்டு வராதவர்கள் உண்டு; குடித்துவிட்டு ஏறுபவர்கள் உண்டு; ஓட்டை உடைத்துவிட்டு நழுவுபவர்களும் உண்டு. மறுக்கவில்லை. இக்குறைகள் இல்லாத தொழில் எது என்று எனக்குத் தெரியவில்லை, குருத்துவம் உட்பட. மரம் வெட்டுபவர் இயற்கையின் பகைவர் என்று அண்மைக்காலமாகச் சில பக்தர் சொல்லக் கேட்கிறேன். வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்று புளியை வெட்டச் சொன்னது யார்? “கிளையை மட்டும் கழித்தால் போதும், மரம் நிற்கட்டும்” என்று தம் கூலியைக் குறைத்துக்கொண்டு அறிவுரை சொல்பவர் பல வேளைகளில் அவரே.

நம் ஆலய வளாகங்களும் இதில் விலக்கல்ல. திருவிழாவுக்குத் தேர் செல்லும் பாதையில் கிளை கழிக்க அவரை அழைப்போம். ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் வாணவேடிக்கைக்காரருக்கும் முன்பணம் முதல் பாக்கி வரை ரசீதோடு கொடுப்போம். இவரிடம் மட்டும், “கோயில் வேலைதானே, புண்ணியம்” என்போம். ஐம்பது வயதுக்காரரை இருபது வயது இளைஞர் ‘நீ’ என்று விளித்து ஏறச் சொல்லுவதையும் அதே வளாகத்தில் காணலாம். ‘அண்ணாச்சி’ என்று அழைக்க நமக்குத் தெரியாதா?

பங்குப் பேரவைகள் இவ்வாண்டின் திருவிழாக் கணக்கில் கிளை கழிக்கும் செலவுக்கு ஒரு வரி ஒதுக்கட்டும். மின்கம்பி அருகே வேலையென்றால் மின்வாரியத்திடம் முன்கூட்டியே சொல்லி மின்சாரத்தை நிறுத்தியபின்னரே அவரை ஏற்றட்டும். அதற்கு அலைவது வேலை கொடுப்பவரின் கடமை. கூலியைப் பேசும்போது கையாட்களின் கூலியைத் தனியே கேட்டு அறியட்டும். காப்பீடு இல்லையென்றால் அந்த 20 ரூபாய்க்கான படிவத்தை நிரப்ப நம் இளைஞர் இயக்கத்தினர் ஒரு ஞாயிறு மாலையை ஒதுக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய வாரங்களில்தான் அவரை மிகுதியாக அழைக்கிறோம். அதற்குள் இதைச் செய்து முடித்துவிடலாம்.