கொழுப்பை அகற்றிய பின்னர்...

வயிற்றிலும் தொடையிலும் தேங்கிய கொழுப்பைச் சத்திரசிகிச்சையினால் உறிஞ்சி அகற்றும் முறை, 1970ஆம் ஆண்டுகளில் இத்தாலியிலும் பிரான்சிலும் உருவாயிற்று. இன்று அது உலகெங்கும் பரவியுள்ளது. அதனைச் செய்துகொண்டோருட் சிலர், "கொழுப்புத்தான் போய்விட்டதே, இனி வாய்க்குக் காவல் எதற்கு?" என எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது மாத்திரமன்று, ஆபத்தானதுமாகும்.

சத்திரசிகிச்சை அகற்றுவது தோலின் கீழுள்ள கொழுப்பையே. குடல் முதலிய உள்ளுறுப்புகளைச் சூழ்ந்துள்ள கொழுப்பை அது தொடுவதில்லை. நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் பெரிதும் ஏதுவாவது இவ்வுட்கொழுப்பேயாம். 2004ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். பருத்த உடலினரான 15 பெண்களிடமிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோகிராம் கொழுப்பு அகற்றப்பட்டது. சில வாரங்களின் பின் சோதித்தபோது, அவர்களது குருதியழுத்தமோ இன்சுலின் தொழிற்படும் திறனோ சீரடைந்திருக்கவில்லை.

2012ஆம் ஆண்டில் வெளியான பிறேசில் நாட்டு ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. வயிற்றுக் கொழுப்பை அகற்றிக்கொண்ட 36 பெண்களுள் ஒரு சாரார் நான்கு மாதம் முறையாக உடற்பயிற்சி செய்தனர், மற்றையோர் செய்யவில்லை. பயிற்சி செய்யாதோரின் உட்கொழுப்பு நூற்றுக்குப் பத்து வீதம் பெருகியது. பயிற்சி செய்தோருக்கு அவ்வாறு பெருகவில்லை.

ஆயினும், சிகிச்சை முடிந்தவுடன் பட்டினி கிடத்தல் கூடாது. புண் ஆறுவதற்குப் புரதச் சத்து இன்றியமையாதது. மீன், முட்டை, பருப்பு, பயறு ஆகியவற்றை நாடோறும் உண்ணுக. நோவு தணிக்கும் மருந்துகளுட் சில மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்குக் கீரையும் பழமும் போதிய நீரும் துணையாகும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் போன்ற உப்பு மிக்கவற்றைக் குறைத்துக்கொள்க. உப்பு மிகுந்தால் உடலில் நீர் தங்கி வீக்கம் தணியத் தாமதமாகும். வீக்கம் வற்றச் சில வாரங்கள் செல்லுமாதலால், தராசைப் பார்த்து மனம் சோர வேண்டாம்.

புகைத்தல் குருதி நாளங்களைச் சுருக்கிப் புண் ஆறுவதைத் தடுக்கும். அதனை அறவே விலக்குக. வைத்தியர் அனுமதித்தவுடன் வீட்டினுள்ளேயே மெல்ல நடந்து பழகுக. அசையாது படுத்திருந்தால் காலின் நாளங்களிற் குருதி உறையக்கூடும். ஒரு காலில் மாத்திரம் நோவும் வீக்கமும் கண்டாலும், மூச்சுத் திணறினாலும், நெஞ்சு நோவெடுத்தாலும் கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். பாரமான பொருள்களைத் தூக்குவதை வைத்தியர் கூறும் காலம்வரை தவிர்க்க.

உடல் தேறிய பின்னரே நீண்ட காலப் பழக்கம் தொடங்குகின்றது. கோப்பையிற் சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுக; தேநீரிற் சீனியைக் குறைக்க; நாளுக்கு அரைமணி நேரமாவது விரைந்து நடக்க. இவற்றை வீட்டிலுள்ளோர் அனைவரும் சேர்ந்து கைக்கொள்வராயின், ஒருவருக்கு நேர்ந்த சிகிச்சை குடும்பம் முழுவதற்கும் நன்மையாக முடியும்.

வைத்தியர் ஒரு நாளில் அகற்றியதை, நாம் ஓராண்டில் மீண்டும் சேர்த்துவிடலாம். சேராது காப்பது நமது அடுக்களையிலும் நடையிலுமே தங்கியுள்ளது.