அடேய், அந்தப் பக்கம் போகாதடா!

ராத்திரி ஒன்றரை மணி. ஹாஸ்டல் முழுக்க லைட் ஆஃப். எங்க ரூம்ல மட்டும் லேப்டாப் வெளிச்சம்.

"அடேய்... அந்தப் பக்கம் போகாதடா! போகாதடான்னா... ஐயோ, போயிட்டான்யா!"

நான் கத்தின கத்தல்ல பக்கத்துக் கட்டில்ல இருந்து ரூம்மேட் போர்வையை விலக்கிக் கேட்டான். "யாருடா, வார்டனா?"

"இல்லடா, காலித்!"

"நம்ம ஹாஸ்டல்ல ஏதுடா காலித்?" என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

காலித் யாருன்னு நீங்களும்தானே கேட்கறீங்க? 1998-ல் கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டில் நம்ம கூட வர்ற வீரன். (2012-ல் வந்த புதுப்பித்த பதிப்பு என் பழைய லேப்டாப்லயும் ஓடுது. வாழ்க!) கவசம் உண்டு, கத்தி உண்டு, கேடயம் உண்டு. தைரியம் மட்டும் கொஞ்சம் ஸ்டாக் இல்லை. சண்டை சூடு பிடிச்சதும் தலைவர் பயந்து எடுப்பார் பாருங்க ஓட்டம்... அன்னிக்கு ஓடின ஓட்டத்துல இன்னொரு கும்பலுக்கு நடுவுலயே போய் நின்னுட்டார். நான் அவுட். கடைசியா சேவ் பண்ணி முக்கால் மணி நேரம் ஆச்சு.

ஆக, மக்களே... இந்த வாரம் நம்ம மேட்டர், எதிரிங்க இல்லை. எதிரியைச் சமாளிக்க ஆயிரம் வழி இருக்கு. மாயாஜால உலகத்து ரோல் ப்ளேயிங் கேம்கள்ல நம்ம கூடவே வந்து, நம்ம பிரியாணியைத் தின்னு, நம்மளையே கவுக்கிற கம்ப்யூட்டர் கூட்டாளிகளை எப்படிச் சமாளிக்கிறது? அதான் கேள்வி!

சாமியாரும் சாவு மந்திரமும்

இந்தக் கஷ்டம் நேத்து வந்தது இல்லை. 1990-ல் ஜப்பானில் எனிக்ஸ் வெளியிட்ட 'டிராகன் க்வெஸ்ட் 4'-லயே ஆரம்பிச்சாச்சு. அதோட அஞ்சாவது அத்தியாயத்தில் நாம ஹீரோவுக்கு மட்டும்தான் நேரடியா உத்தரவு போட முடியும். மத்தவங்களுக்கு 'முழு மூச்சா அடிங்க', 'உயிரைக் காப்பாத்துங்க' என்கிற மாதிரி பொதுவா ஒரு திட்டம் சொல்லலாம், அவ்வளவுதான். மீதியை கம்ப்யூட்டரே முடிவு பண்ணும்.

அந்தக் கூட்டத்துல கிளிஃப்ட்னு ஒரு சாமியார். காயம் ஆத்துற மந்திரம் தெரிஞ்ச மனுஷன். அதோட, எதிரியை ஒரே அடியில் சாகடிக்கிற 'ஸராக்கி'ங்கற மந்திரமும் தெரியும். பெரிய பாஸ் வில்லன்கள்கிட்ட அந்த மந்திரம் பலிக்காது. ஆனா நம்ம சாமியார்? இங்க ஹீரோ உயிருக்கு ஊசலாடிட்டு இருப்பான், அவர் அங்க பாஸ் முன்னாடி நின்னு 'ஸராக்கி... ஸராக்கி...'ன்னு ஜபம் பண்ணிட்டு இருப்பார்! ஜப்பான் கேமர்கள் மத்தியில் இது இன்னிக்கும் பிரபலமான ஜோக்.

ஆனா அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. எந்த எதிரிகிட்ட எது பலிக்கும்னு அந்தக் கூட்டாளிகளுக்கு முன்கூட்டியே தெரியாது. சண்டை போட்டுப் போட்டுத்தான் கத்துக்கணும். நமக்குத் தெரிஞ்சது அவருக்கும் தெரியும்னு நாம நினைச்சுக்கிட்டா அது யார் தப்பு? 2001-ல் வந்த ப்ளேஸ்டேஷன் பதிப்புல கூட்டாளிகளுக்கும் நேரடியா உத்தரவு போடற வசதியைக் கொடுத்துட்டாங்க.

அடுத்து நம்ம லிடியா அக்கா. 2011-ல் பெதஸ்டா வெளியிட்ட 'ஸ்கைரிம்' ஆடினவங்களுக்கு அறிமுகமே தேவையில்லை. நம்ம மூட்டை முடிச்சு எல்லாத்தையும் சுமப்பாங்க. உயிரைக் கொடுத்துச் சண்டை போடுவாங்க. ஆனா குகை வாசல் குறுகலா இருந்தா, கரெக்டா வாசல்ல நின்னுப்பாங்க! காலை எட்டு மணி பஸ்ல ஃபுட்போர்டுல நிக்கிறவர் மாதிரி... உள்ளயும் போக மாட்டாங்க, வழியும் விட மாட்டாங்க!

ஸ்பேஸ் பார் சர்வாதிகாரி

இதுக்கெல்லாம் நான் முதல்ல கண்டுபிடிச்ச தீர்வு, யாரையும் நம்பாதே!

'பால்டர்ஸ் கேட்'ல ஸ்பேஸ் பாரைத் தட்டினா உலகமே உறைஞ்சு நிக்கும். ஆறு பேருக்கும் தனித்தனியா உத்தரவு போட்டுட்டு மறுபடி தட்டினா ஓடும். கம்ப்யூட்டர் மூளையை அணைச்சு வைக்கவும் ஒரு பட்டன் உண்டு. அணைச்சேன். அதுக்கப்புறம் ஒரு அம்பு, ஒரு அடி, ஒரு மந்திரம் எதுவும் என்னைக் கேட்காம நடக்கலை. ஜெயிச்சேனா? ஜெயிச்சேன். ஆனா ரெண்டு நிமிஷச் சண்டைக்கு அரை மணி நேரம் ஆச்சு. அதுலயும் ஒரு தடவை நான் போட்ட நெருப்புப் பந்துல எதிரியோட சேர்ந்து என் ஆளுங்க மூணு பேரும் பொரிஞ்சுட்டாங்க. அதுக்குக் காலித்தைத் திட்ட முடியுமா? உத்தரவு போட்டது நான்!

பன்னிரண்டு வரி பாடம்

என்னை மாத்தினது, 2006-ல் ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேன்டஸி 12'. (2018-ல் கம்ப்யூட்டருக்கும் வந்தது.) அதில் 'காம்பிட்'னு ஒரு சமாச்சாரம். ஒவ்வொரு கூட்டாளிக்கும் ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ரெண்டே பகுதி: 'இப்படி இருந்தா' - 'இதைச் செய்'. அதிகபட்சம் 12 வரி. கூட்டாளி மேலிருந்து கீழே படிச்சிட்டு வருவாங்க. எந்த வரி முதல்ல பொருந்துதோ, அதைச் செய்வாங்க. அம்புட்டுதான்! சி லேங்குவேஜ் முதல் செமஸ்டர்ல படிச்ச இஃப்-எல்ஸ் ஏணியேதான். அதுல அரியர் வைச்சவங்களும் தைரியமா விளையாடலாம்.

நான் பென்னலோங்கற பொண்ணுக்கு எழுதின முதல் பட்டியல் இது. வரி ஒன்று: எதிரி பக்கத்துல இருந்தா, அடி. வரி இரண்டு: கூட்டாளி உயிர் பாதிக்குக் கீழே போனா, வைத்தியம் பண்ணு. அழகா இருக்குல்ல? அஞ்சு நிமிஷத்துல மொத்தப் பேரும் காலி. பென்னலோ ஒரு தடவைகூட வைத்தியம் பண்ணலை!

'முட்டாள் கம்ப்யூட்டர்!'னு திட்டிட்டு, தண்ணி குடிச்சிட்டு, மறுபடி படிச்சப்பதான் உறைச்சது. சண்டைன்னா எதிரி பக்கத்துல இருக்கத்தான் செய்வான். அப்ப முதல் வரி எப்பவுமே உண்மை. இரண்டாவது வரிக்கு அந்தப் பொண்ணு வரவே முடியாது. அவ நான் சொன்னதை அட்சரம் பிசகாம செஞ்சிருக்கா. நான்தான் சொல்ல நினைச்சது ஒண்ணு, சொன்னது ஒண்ணு.

அப்புறம் பல தடவை செத்துச் செத்துக் கத்துக்கிட்டதை உங்களுக்காகச் சுருக்கித் தர்றேன்.

1. உயிர் காக்கிற வரி மேலே, அடிக்கிற வரி கீழே. விழுந்தவனை எழுப்பறது எல்லாத்துக்கும் மேலே.

2. 'உயிர் 90 சதவிகிதத்துக்குக் கீழே போனா வைத்தியம்'னு போட்டா, கொசு கடிச்சாக்கூட மந்திரம் போட்டு சக்தியெல்லாம் தீர்ந்துடும். 30-ன்னு போட்டா வைத்தியம் வர்றதுக்குள்ள ஆள் போயிடுவான். நான் பாதியில் ஆரம்பிச்சு, எதிரியோட அடி எவ்வளவு பலம்னு பார்த்து ஏத்தி இறக்கறேன்.

3. மூணு பேருக்கும் ஒரே பட்டியலை எழுதாதீங்க. ஒருத்தனுக்கு அடிபட்டதும் மூணு பேரும் வேலையைப் போட்டுட்டு வைத்தியத்துக்கு ஓடி வருவாங்க. கல்யாண வீட்ல எல்லாரும் பந்தி பரிமாறப் போனா மாப்பிள்ளையை யார் கூட்டிட்டு வர்றது? ஆளுக்கொரு வேலை!

4. 'எதிரியைப் பார்த்தா நெருப்பு மந்திரம்'னு பொதுவா எழுதாதீங்க. 'பாம்'னு ஒரு நெருப்பு ஜந்து இருக்கு. அதுக்கு நெருப்பு வைச்சா, அது அதைக் குடிச்சிட்டு உடம்பு தேறும்! எந்த எதிரிக்குன்னு சேர்த்து எழுதணும்.

5. பட்டியல் ஓடும்போது நடுவுல புகுந்து கையால உத்தரவு போடலாம். ஆனா ஒரே விஷயத்துக்கு மூணு தடவை புகுந்தீங்கன்னா, பட்டியல்ல ஓட்டைன்னு அர்த்தம். அங்க போய் அடைங்க.

கோபமும் வரும்!

இது கை வேலை. மனசுன்னு ஒண்ணு இருக்கே! 'பால்டர்ஸ் கேட்'ல ஊர்ல நம்ம பேர் ரொம்பக் கெட்டுப் போனா நல்லவங்க விலகிப் போயிடுவாங்க. ரொம்ப நல்ல பேர் எடுத்தா கெட்டவங்க கழண்டுக்குவாங்க. 2009-ல் அதே பயோவேர் கொடுத்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்'ல ஒவ்வொரு கூட்டாளிக்கும் நம்மைப் பத்தி ஓர் அபிப்பிராயம் இருக்கும். நாம எடுக்கிற முடிவுக்கு ஏத்த மாதிரி ஏறும், இறங்கும். பரிசு கொடுத்து ஐஸ் வைக்கலாம்தான். ஆனா சில முடிவுகள் எடுத்தா பரிசெல்லாம் செல்லாது, நேரா விலகிப் போயிடுவாங்க.

2012-ல் கேப்காம் வெளியிட்ட 'டிராகன்ஸ் டாக்மா' இன்னும் ஒரு படி மேலே. அதுல கூட வர்ற ஆளுக்குப் பேரு 'பான்'. சண்டை போடப் போட எதிரிகளைப் பத்திக் கத்துக்கும். நம்ம பானை இணையத்துல மத்தவங்க இரவல் வாங்கிட்டுப் போகலாம். அங்க கத்துக்கிட்டதோட திரும்பி வரும். விஷயம் அது இல்லை. 'போ', 'வா', 'உதவு'ன்னு நாம போடற கட்டளைகள் கொஞ்சம் கொஞ்சமா அதோட சுபாவத்தையே மாத்தும். 'காவலன்'ங்கற சுபாவம் வந்துடுச்சுன்னா, எதிரியைத் தேடிப் போய் அடிக்காது. நம்ம முதுகுக்குப் பின்னாடியே நிழல் மாதிரி நிக்கும்.

இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. காரணம், பக்கத்துக் கட்டில்.

கோட்டை விட்ட கதை

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட். நாலு பேர் டீம், நான் லீடர். தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே ஓடற குட்டி ரோபோ. சென்சார் பகுதி ரூம்மேட் வேலை. அவன் எழுதிக் கொடுத்ததை ராத்திரியோட ராத்திரியா நான் மாத்தி எழுதினேன். அவனை மட்டும் இல்லை, மத்த ரெண்டு பேர் எழுதினதையும்தான். ஸ்பேஸ் பார் சர்வாதிகாரியாச்சே! முதல் வாரம் "ஏன்டா மாத்தின?"ன்னு கேட்டான். ரெண்டாவது வாரம் கேட்கலை. மூணாவது வாரம், "நீயே சொல்லு மச்சி, என்ன செய்யணும்?"னு என் பின்னாடி வந்து நின்னான். எனக்கு அப்ப அது பெருமையா இருந்தது.

ரிவ்யூ அன்னிக்கு ரோபோவை ஹால்ல விட்டோம். ரெண்டு அடி ஒழுங்கா ஓடிச்சு. ஜன்னல் வெயில் விழுந்த இடம் வந்ததும் கோட்டை விட்டுட்டு நேரா மேடம் நாற்காலியைப் பார்த்துப் போச்சு. "அடேய், அந்தப் பக்கம் போகாதடா!"ன்னு மனசுக்குள்ள கத்தினேன். போயிடுச்சு.

ரூம்மேட் எழுதின கோட்ல, கிளம்பறதுக்கு முன்னாடி ரோபோவே அந்தத் தரையையும் கோட்டையும் அளந்து பார்த்துச் சரி பண்ணிக்கிற பகுதி ஒண்ணு இருந்திருக்கு. 'எதுக்கு இந்த வெட்டி வேலை'ன்னு தூக்கிட்டு, ரூம் ட்யூப்லைட்டுல அளந்த ஒரே ஒரு எண்ணைப் போட்டது நான். மேடம் அவன்கிட்டதான் கேட்டாங்க. "சென்சார் உன் பகுதிதானே, ஏன் இப்படி?" அவன் என்னைக் காட்டிக் கொடுக்கலை. "தெரியலை மேடம்"னான். அவனுக்குத்தான் மார்க் குறைஞ்சது. நானும் வாயைத் திறக்கலை. அதுதான் இன்னிக்கு வரைக்கும் குத்துது.

பென்னலோ தப்பு பண்ணினப்ப 'நான் என்ன எழுதினேன்'னு திருப்பிப் படிச்சேன். அவனுக்கு அந்த மரியாதையைக்கூடக் கொடுக்கலை.

மறுநாள் மேடத்தைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். மார்க் மாறலை. ரூம்மேட்கிட்ட சாரி சொன்னப்ப, "விடு மச்சி"ன்னு ஒரே வார்த்தைதான். 'விடு'ங்கறதுக்கு என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியாதா? இந்த அபிப்பிராய மீட்டருக்குப் பரிசெல்லாம் வேலைக்கு ஆகாது. பரோட்டா வாங்கிக் கொடுத்துப் பார்த்தாச்சு!

இந்த செமஸ்டர் மறுபடி ஒரே டீம். சென்சார் மறுபடி அவன்கிட்ட. நான் அவன் ஃபைலைத் திறக்கிறதே இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா? ஒரே ஒரு தடவை கை போச்சு. கட்டுப்படுத்திக்கிட்டேன்.

நேத்து ராத்திரி ஒன்றரை மணி. நான் போர்வைக்குள்ள. திடீர்னு ஒரு கத்தல். "அடேய், அந்தப் பக்கம் போகாதடா!"

தலையை நீட்டிப் பார்த்தேன். தரையில் கறுப்பு டேப் ஒட்டி ரோபோவை விட்டு வைச்சிருக்கான். அது கட்டிலுக்கு அடியில் போய்க்கிட்டிருக்கு. எனக்குக் காரணம் தெரிஞ்ச மாதிரியே இருந்தது. எழுந்து போய்ச் சொல்லலாம்னு காலைக் கீழே வைச்சேன். அவன் அதுக்குள்ள குனிஞ்சு ரோபோவை எடுத்து, லேப்டாப்புல ஏதோ மாத்தி, மறுபடி விட்டான்.

காலை மேலே எடுத்துக்கிட்டேன். "யாருடா, காலித்தா?"ன்னு மட்டும் கேட்டேன்.

ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சான்.